ஊறும் நேரம்

“பம்பு எங்க மிஸ்ஸி?”

என் கணவர் கதிரேசன் கேட்ட முதல் கேள்வி அதுதான். பெரிய ஆஸ்பத்திரியின் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருந்தோம். ஏர்கான் தண்ணீர் சுவரோரம் வழிந்து, கீழே வைத்திருந்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. மேசைமேல் இரண்டு பிளாஸ்டிக் பைகள். ஒன்றில் தெளிந்த தண்ணீர் மாதிரி ஏதோ நிரம்பியிருந்தது. மற்றது காலி. இரண்டையும் சேர்த்து ஒரு குழாய்.

என் சிறுநீரகங்கள் இனி வேலை செய்யாது என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. பல வருஷமாக உடம்பில் இருந்த சர்க்கரை, முதலில் கண்ணைத் தொட்டது, பிறகு இங்கே வந்து நின்றது. டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, வாரத்தில் மூன்று நாள் சென்டருக்குப் போய் மெஷினில் படுப்பது. மற்றது, வீட்டிலேயே வயிற்றுக்குள் தண்ணீர் விட்டு எடுப்பது. என் கடையைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி நான் இரண்டாவதைக் கேட்டேன்.

மிஸ்ஸி கோகிலா சிரித்தார். இங்கே நாங்கள் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். “பம்பு கிடையாதுண்ணே. மேல மாட்டுனா தண்ணி தானா உள்ள இறங்கும். கீழ வச்சா தானா வெளிய வரும்.”

“அது சரி. உள்ள போயி என்னா செய்யும்?”

“ஒண்ணும் செய்யாது. சும்மா இருக்கும்.”

“சும்மா இருந்தா ரத்தம் எப்படி மிஸ்ஸி சுத்தமாகும்?”

கதிரேசன் ஜுருவில் கார்களுக்குப் பிளாஸ்டிக் சாமான் செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர். அங்கே எதுவும் சும்மா நகராது. பெல்ட் ஓடினால்தான் டப்பா நகரும், ஃபோர்க்லிஃப்ட் வந்தால்தான் மூட்டை நகரும். கேள்வி நியாயமானதுதான்.

தே-ஓ பொட்டலம்

கோகிலா எழுந்துபோய் ஒரு கண்ணாடிக் குவளையில் சுடுதண்ணீரும், தே-ஓ என்கிற பால் சேர்க்காத தேநீர் போடும் தேயிலைப் பொட்டலம் ஒன்றும் கொண்டுவந்தார். பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டார். கலக்கவில்லை. நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பொட்டலத்தின் அடியிலிருந்து பழுப்பு நிறம் புகைபோல இறங்கி, மெல்ல எல்லாப் பக்கமும் விரிந்தது.

“இலை வெளிய வந்துச்சா?”

“இல்ல.”

“சாயம் மட்டும் வந்துச்சு, இல்லியா? அதான். அக்கா வயித்துக்குள்ள சுத்தியும் மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. அந்தப் பொட்டலத்துத் தாள் மாதிரி. அதுக்கு அந்தப் பக்கம் ரத்தம் ஓடுது. ரத்தத்தில அழுக்கு நெறஞ்சு கிடக்கு. இந்தப் பக்கம் நாம ஊத்துற தண்ணியில அழுக்கே இல்ல. நெருக்கடியா இருக்கிற எடத்திலேர்ந்து காலி எடத்துக்கு அது தானா வந்துடும். ரத்த அணு பெருசு, அது வராது.”

“யாரு தள்ளுறா?”

“யாரும் தள்ள வேணாம்லா.”

அதைத்தான் கதிரேசனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. லிஃப்ட்டில் இறங்கும்போது மறுபடியும் கேட்டார். “யாரும் தள்ளாம எப்படி?”

ஊதா நிறம்

எனக்கு அதில் சந்தேகம் இருக்கவில்லை. பாகான் டாலாமில் வளர்ந்த பெண் நான். இடைநிலைப்பள்ளியில் அறிவியல் டீச்சர் ஒருநாள் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் கடுகு அளவு ஊதாப் படிகம் ஒன்றை வைத்துவிட்டு, “யாரும் தொடக் கூடாது, மேசையையும் ஆட்டக் கூடாது” என்றார். மணி அடிக்கும்போது அடியில் மட்டும் ஊதாவாக இருந்தது. மறுநாள் காலை வந்து பார்த்தால் பாத்திரம் முழுக்க ஒரே நிறம்.

இரவில் பூனை வந்து கலக்கியிருக்கும் என்றாள் என் பக்கத்தில் இருந்தவள். டீச்சர் சிரித்துவிட்டு விளக்கினார். தண்ணீரில் இருக்கும் துகள் எதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. எந்நேரமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, திசை தெரியாமல் அலைந்துகொண்டே இருக்கும். எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரியாது. கூட்டம் அதிகமான பக்கத்திலிருந்து கிளம்புவதும் அதிகம், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் சமமானபிறகும் அலைச்சல் நிற்பதில்லை. போவதும் வருவதும் ஒரே அளவாகிவிடுவதால் நமக்குத்தான் மாற்றம் தெரிவதில்லை.

இன்னொன்றும் சொன்னார். இந்த அலைச்சல் கொஞ்ச தூரத்துக்கு மின்னல் வேகம். தூரம் கூடக்கூட ஆமை. பாத்திரத்தைக் கடக்க ஓர் இரவு வேண்டும். ஆனால் உடம்பில் ஓர் உயிரணுவின் அகலத்தைக் கடக்கக் கண் இமைக்கும் நேரம் போதும். மூச்சில் இழுத்த காற்று ரத்தத்தில் சேர்வதும், ரத்தத்தில் வந்த சத்து உயிரணுவுக்குள் நுழைவதும் இப்படித்தான். உடம்பு இத்தனை கோடிச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாம்.

அன்று பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்தேன். பின்னாளில் அது என் வயிற்றுக்குள் நடக்கும் என்று யார் நினைத்தது?

நாலு பை

ஒரு சின்ன அறுவை சிகிச்சை செய்து தொப்புளுக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். ஒருநாளைக்கு நாலு பை. பழைய தண்ணீரை வெளியே விட்டு, புதிய தண்ணீரை உள்ளே விட்டு, அடுத்த தடவைவரை வயிற்றில் வைத்திருக்க வேண்டும். காலை, மதியம், சாயங்காலம், படுக்கும் முன்பு.

குழாயின் முனையில் விரல் பட்டுவிட்டால் கிருமி போய்விடும். என் கண் மங்கல். அதனால் கதிரேசனே செய்வதாகப் பொறுப்பு எடுத்துக்கொண்டார். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் எங்கள் சின்ன அறையைக் காலி செய்து வெள்ளைச் சாயம் அடித்தார். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார். அவர் அவ்வளவு சிரத்தையாக எதையும் கழுவி நான் பார்த்ததில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவும் விதம் எனக்குத் தெரியும்.

வெளியே வந்த பையைத் தூக்கி, பின்னால் ஒரு தமிழ்ப் பத்திரிகையை வைத்துப் பார்ப்பார். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் கிருமி இல்லை. கலங்கலாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பிறகு தராசில் மாட்டி எடை பார்ப்பார். உள்ளே விட்டதைவிட வெளியே வந்தது அதிகமாக இருக்க வேண்டும். உடம்பில் தேங்கிய நீரும் சேர்ந்து வர வேண்டுமே, அதற்காக. அந்தத் தண்ணீரில் சர்க்கரை கலந்திருப்பார்கள். சர்க்கரைதான் உடம்பிலிருந்து நீரை இழுக்கிறது.

எடை கூடினால் அவர் முகம் மலர்ந்துவிடும். “பாரு வசந்தா, எவ்வளவு இறங்கியிருக்கு!”

சிக்கல் அவருடைய ஷிஃப்டில் இருந்தது. மதியத்துக்குமேல் ஃபெரியில் மோட்டார்சைக்கிளை ஏற்றி அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து ஜுருவுக்கு ஓட்ட வேண்டும். சாயங்காலப் பையைப் போட வீட்டில் ஆள் இல்லை. அதனால் அவரே ஓர் ஏற்பாடு செய்தார். விடிந்ததும் ஒரு பை, காலைப் பசியாறியதும் ஒன்று, வேலைக்குக் கிளம்பும் முன்பு ஒன்று, திரும்பி வந்ததும் ஒன்று. நாலு கணக்கு சரியாக வந்தது.

“மிஸ்ஸி ஊற வைக்கச் சொன்ன நேரம் ஆகலியேங்க,” என்றேன் ஒரு தடவை.

“தண்ணி நெறய வருதுல்ல? அப்புறம் என்னா?”

தண்ணீர் நிறையத்தான் வந்தது. என்னை மோட்டார்சைக்கிளில் கடையில் இறக்கிவிட்டு அவர் ஃபெரிக்குப் பறப்பார்.

கசந்த வாய்

சந்தைப் பக்கம் இருக்கிறது என் ஜெருக் கடை. ஜாதிக்காய், மாங்காய், நெல்லிக்காய், பப்பாளி எல்லாம் உப்பிலும் சர்க்கரையிலும் ஊறவைத்து விற்பது. சுற்றுப்பயணிகள் வருவார்கள், உள்ளூர் ஆட்களும் வருவார்கள். வாங்குகிறவர்களுக்கு ஒரு துண்டை எடுத்துக் கொடுத்து, நானும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்ப்பது பழக்கம். என் வியாபாரம் என் நாக்கில்தான் இருந்தது.

சில வாரம் போனதும் அந்த நாக்கு கெட்டது. எதைத் தின்றாலும் தகரத்தை நக்கினமாதிரி ஒரு ருசி. காலையில் குமட்டல். முதுகில் ஓயாத அரிப்பு. காலில் வீக்கம் மட்டும் இல்லை. வீக்கம் இல்லாததால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று கதிரேசன் நம்பினார்.

கடைக்குப் பக்கத்தில், சோறும் குழம்பும் விற்கும் ஜமால் பாயின் நாசி கண்டார் கடை. ஒருநாள் அவர் கேட்டார். “தங்கச்சி, முகமெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கே. சாப்புடுறியா இல்லியா?”

அந்த மாதம் ரத்தம் பரிசோதித்தபோது டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சீனப் பெண்மணி. மலாயில் நிதானமாகப் பேசுவார். அழுக்கின் அளவு குறையவே இல்லை, கூடியிருக்கிறது என்றார். அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் வயிற்றுக் குழாயை எடுத்துவிட்டு மெஷினுக்குப் போவதுதான் வழி.

“நாலு பையும் போடுறோம் டாக்டர்,” என்றார் கதிரேசன். குரல் உயர்ந்துவிட்டது. “ஒரு நாள்கூட விட்டதில்ல. தண்ணியும் நல்லா வருது.”

அது பொய்யில்லை. டாக்டரும் நம்பினார். எதற்கும் சவ்வைப் பரிசோதித்துவிடலாம் என்றார்.

மெதுவான ஆள்

அந்தப் பரிசோதனை எளிமையானது. வயிற்றில் புதுத் தண்ணீரை விட்டுவிட்டு உட்கார வைப்பார்கள். அவ்வப்போது கொஞ்சம் எடுத்து, அழுக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்று ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மதியம்வரை ஆனது. கதிரேசன் வெளியே நடந்துகொண்டே இருந்தார். பெஞ்சில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருக்க மாட்டார்.

முடிவைக் கோகிலாதான் சொன்னார். ஒவ்வொருவர் சவ்வும் ஒவ்வொரு விதமாம். சிலருக்குச் சீக்கிரம் கடந்துவிடும், சிலருக்கு நேரம் பிடிக்கும். “அக்கா, உங்களோடது மெதுவான ஆளு. நல்லா ஊறணும். தண்ணி சீக்கிரம் வந்துடும், அழுக்கு மெதுவாத்தான் வரும். ரெண்டும் வேற வேற.”

அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் கடை ஜாடி கண்முன்னே வந்தது.

ஜாதிக்காயை உரித்து, உப்புத் தண்ணீரில் துவர்ப்பை எடுத்தபிறகு ஜாடியில் போட்டு மேலே சர்க்கரையைக் கொட்டுவோம். தண்ணீர் ஒரு சொட்டும் விடுவதில்லை. மறுநாள் காலை பார்த்தால் ஜாடி நிறையச் சாறு நிற்கும். காயின் சொந்தத் தண்ணீர், சர்க்கரை இழுத்துவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து ஊறிவிட்டது என்று நினைப்பார்கள். கடித்துப் பார்த்தால் நடுவில் துவர்க்கும். சர்க்கரை உள்ளே போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். சீவின காய்க்குச் சில நாள் போதும். முழுக்காயை அவசரப்படுத்த முடியாது.

வீடு திரும்பியதும் சொன்னேன். “நீங்க மறுநாளே ஜாடியத் தெறக்குறீங்க. சாறு நிக்குதுன்னு பாக்குறீங்க. காய் ஊறலீங்க.”

அவர் தராசைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“அப்ப இவ்வளவு நாளா நான் எடுத்ததெல்லாம் வெறும் தண்ணியா?”

“முழுக்க வெறும் தண்ணி இல்ல. பாதி வேலை.”

“உன்னைக் கொன்னுருப்பேன் போல.”

“கொல்லல. இங்கதானே இருக்கேன். சாயங்காலப் பைக்கு என்ன வழின்னு பாருங்க.”

பாயின் மாடி

வழி ஒன்றுதான். சாயங்காலப் பையை நானே போட வேண்டும், அதுவும் கடையிலிருந்தே. வீட்டுக்குப் போய்த் திரும்பினால் வியாபாரம் போய்விடும்.

கதிரேசன் ஒத்துக்கொள்ளவில்லை. “கண்ணு தெரியாம முனையில கை பட்டுச்சுன்னா? வயித்துக்குள்ள கிருமி போச்சுன்னா? வேணாம். நான் வேலையை விட்டுடுறேன்.”

“வேலையை விட்டுட்டு என்னைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பீங்களா? ரெண்டே நாள்ல எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்.”

கோகிலாவிடம் போனேன். இரண்டு முனையையும் நேராகப் பிடித்துக்கொள்ளும் சின்னப் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று கொடுத்தார். கண் மங்கினவர்களுக்கென்றே செய்தது. இரண்டு வாரம் போலிப் பையில் பழகினேன். எதை எந்தப் பக்கம் வைத்தேன் என்று கை ஞாபகம் வைத்துக்கொண்டது. கடையில் ஜாடிகளைப் பார்க்காமலே எடுக்கிறவள்தானே நான்.

இடத்தைக் கேட்காமலே கொடுத்தவர் ஜமால் பாய். அவர் கடைக்கு மேலே அரிசி மூட்டை அடுக்கும் ஓர் அறை இருந்தது. நான் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஆளைக் கூப்பிட்டு மூட்டைகளை இறக்கச் சொன்னார். “தரையைக் கிளோராக்ஸ் போட்டுக் கழுவுங்கடா. இனிமே இது தங்கச்சி ரூம். எவனும் செருப்போட ஏறக் கூடாது.”

“வாடகை எவ்வளவுன்னு சொல்லுங்க பாய்.”

“வாடகையா? மாங்கா ஜெருக் ஒரு பாட்டில் குடுத்துட்டுப் போ.”

முதல் சாயங்காலம் கதவைச் சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன். கீழேயிருந்து குழம்பு வாசம் பலகைத் தரையின் இடுக்கு வழியாக ஏறி வந்தது. வேர்த்துக் கொட்டியது. கையைக் கழுவினேன். தாங்கியில் முனைகளை வைத்து அழுத்தினேன். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். பழைய தண்ணீர் இறங்கியது, புதியது ஏறியது. மூடியைத் திருகினேன். பையின் பின்னால் பத்திரிகையை வைத்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். தலைப்பு எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன.

கதவைத் திறந்தால் படிக்கட்டில் கதிரேசன் உட்கார்ந்திருந்தார். ஜுருவில் இருக்க வேண்டிய நேரம்.

“வேலைக்குப் போகல?”

“லீவு போட்டேன்.”

“எவ்வளவு நேரமா இங்க இருக்கீங்க?”

“நீ கதவைச் சாத்துனதிலேர்ந்து.”

“தட்டியிருக்கலாம்ல?”

“தட்டுனா கை ஆடிரும்னுதான்…” என்றார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. படிக்கட்டில் என்னைவிட அவருக்கு அதிகமாக வேர்த்திருக்கிறது.

கொஞ்ச வருஷம்

அதற்குப் பிறகு சொல்வதற்கு அதிகம் இல்லை. ஒவ்வொரு பையும் அதன் நேரத்துக்கு ஊறியது. அரிப்பு முதலில் போனது. பிறகு குமட்டல். ஒரு மத்தியானம் நெல்லிக்காயை நாக்கில் வைத்தேன், நெல்லிக்காயாகவே இருந்தது. பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் பெண், நான் ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாமல் தானும் சிரித்தாள்.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அழுக்கு இறங்கியிருந்தது. மெஷினுக்கு இப்போது அவசரம் இல்லை என்றார்.

“இப்படியே எவ்வளவு நாள் போகும்?” என்று கதிரேசன் கேட்டார். நான் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது.

டாக்டர் மறைக்கவில்லை. அந்தச் சவ்வும் நாளாக நாளாகத் தேயும், எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை, கவனமாக இருந்தால் கொஞ்ச வருஷம் ஓட்டலாம் என்றார். சில வருஷம் என்பதற்கு அவர் சொன்ன மலாய்ச் சொல், பெபராப்பா தாஹுன்.

வெளியே வந்தோம். மோட்டார்சைக்கிளைக் கிளப்பாமல் அவர் ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“வசந்தா, ஃபிரிட்ஜ் வாங்கிறலாமா?”

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவு சரியாக மூடாது. ரப்பர் போய்ச் சில மாதம் இருக்கும். கயிறு கட்டி வைத்திருந்தோம். நான் புதிது கேட்கும்போதெல்லாம் “பாக்கலாம், பாக்கலாம்” என்பார். கஞ்சத்தனம் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். கஞ்சத்தனம் இல்லை என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது. எனக்குச் சிறுநீரகம் போனதாகச் சொன்ன நாளிலிருந்து அவர் வீட்டுக்கு எதுவுமே புதிதாக வாங்கவில்லை.

அன்றைக்கே போனோம். கடைக்காரப் பையன் கதவுகளைத் திறந்து திறந்து காட்டினான். எத்தனை தட்டு, எவ்வளவு கரண்டு, ஐஸ் எத்தனை சீக்கிரம் பிடிக்கும் என்று ஒப்பித்துக்கொண்டே வந்தான். கதிரேசன் எதையும் காதில் வாங்கவில்லை.

“இதுல ரொம்ப வருஷம் வாரண்டி குடுக்கிறது எது தம்பி?”

பையன் மூலையில் இருந்த ஒன்றைக் காட்டினான். பச்சைக் கலர். எனக்குப் பிடிக்காத கலர்.

“அதையே போடு,” என்றார்.